பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த ப்ராசஸர்? போர்டைப் பார்த்துத் தொடங்குவோம்

என் மச்சினன் திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஐடி கார்டு என்று வேலை ஓடும். முகூர்த்த சீசனில் ஒருநாள் போன் செய்தான்.

"மாமா, ஐ7 ப்ராசஸர் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வருது. நம்மகிட்ட இருக்கறது ஐ3 தானே, வாங்கிப் போட்டுடவா?"

"நம்பர் என்ன?"

"ஐ7-னுதான் சொன்னாங்க."

"அதுக்குப் பின்னாடி நாலு நம்பர் இருக்கும். அதைக் கேட்டுச் சொல்லு."

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 2600. அவன் கடையில் ஓடுவது ஐ3-4130, எச்81 ரக மதர்போர்டில். ஐ7-2600 என்பது 2011-ல் வந்தது. அதற்கு 1155 முனை கொண்ட சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் இருக்கை, வேண்டும். அவன் போர்டில் இருப்பது 1150. ஐந்து முனைதானே வித்தியாசம் என்று நினைத்தால் தப்பு. உட்காரவே உட்காராது. பணம் கொடுத்திருந்தால் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளத்தான் ஆகியிருக்கும்.

பழைய ப்ராசஸர் வாங்குகிற பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஐ5-ஆ, ஐ7-ஆ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்களிடம் என்ன போர்டு இருக்கிறது, அதில் எந்தத் தலைமுறை உட்காரும், அந்தத் தலைமுறைக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு முன்னால் வரும்.

முதல் படி: உள்ளே இருப்பது என்ன?

ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் முழுப் பெட்டியையும் "சிபியு" என்றுதான் சொல்கிறோம். "சிபியு மாத்தணும்" என்று கடையில் சொன்னால் புதுப் பெட்டி காட்டுவார்கள். "ப்ராசஸர் மட்டும்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் கழற்ற வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் ப்ராசஸர் பெயர் முழுசாக இருக்கும். போர்டின் பெயருக்கு சிபியு-இசட் என்கிற இலவச மென்பொருள் போதும். அதில் மெயின்போர்டு பகுதியைத் திறந்தால் போர்டு மாடல், சிப்செட் (போர்டின் துணைச் சிப்பு; எச்81 என்பது இதன் பெயர்தான்), பயாஸ் (மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, அதன் தேதி எல்லாம் வரும். அந்த நாலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் ஜாதகம் அதுதான்.

இனி எண்ணைப் படிப்பது. இன்டெல்லில் ஐ3, ஐ5, ஐ7-க்குப் பிறகு நாலு இலக்கம் வந்தால் முதல் இலக்கம் தலைமுறை. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-6500 ஆறாம் தலைமுறை. மூன்றே இலக்கம்தான் என்றால், உதாரணமாக ஐ7-870, ஐ5-650, அது முதல் தலைமுறை. 2009, 2010 காலத்துச் சரக்கு. "ஐ7 மெஷின், சல்லிசு" என்று வரும் விளம்பரங்களில் எண்ணைச் சொல்லாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் இந்த மூன்றிலக்கமோ இரண்டாம் தலைமுறையோதான்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து ஒட்டியிருக்கலாம். கே என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கேற்ற போர்டு இல்லாவிட்டால் அந்த எழுத்தால் பெரிய லாபமில்லை. டி என்றால் குறைந்த மின்சாரம், குறைந்த வேகம். ஐ5-6500 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும், 65 வாட்; ஐ5-6500டி 2.5-ல் ஓடும், 35 வாட். இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் டி-யை எடுக்காதீர்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு கட்டாயம்.

இரண்டாம் படி: சாக்கெட்டும் சிப்செட்டும்

பழசிலிருந்து வருவோம்.

775 சாக்கெட்: கோர் 2 டுயோ, கோர் 2 குவாட். ஒரு காலத்தில் க்யூ6600 வைத்திருந்தவரைத் தெருவே பொறாமையோடு பார்க்கும். இன்று அதற்குச் செலவு செய்யாதீர்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இந்தக் காலத்துச் சிப்புகளில் துவங்கவே துவங்காது. அதற்கு வேண்டிய கட்டளைகள் சில இவற்றில் இல்லை. 1156-க்கும், அதாவது முதல் தலைமுறைக்கும், அதே தீர்ப்பு: ஓடும்வரை ஓடட்டும், பணம் போட வேண்டாம்.

1155: இரண்டாம், மூன்றாம் தலைமுறை. எச்61 போர்டுகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. பெயர் தெரியாத கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. ஒரு எச்சரிக்கை: எச்61 இரண்டாம் தலைமுறையோடு வந்தது. மூன்றாம் தலைமுறைச் சிப்பைப் போட வேண்டுமானால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடுங்கள். புதுசைப் போட்டுவிட்டுத் திரை கறுப்பாக நிற்கும்போது ஏற்ற முடியாது. ஏற்றும்போது யுபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும்.

1150: நாலாம் தலைமுறை, ஹாஸ்வெல், 2013. எச்81, பி85 போர்டுகள். ரேம் 1155-ஐப் போலவே இதிலும் டிடிஆர்3 என்கிற பழைய வகைதான்.

1151: இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் 1151. எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் 1151. அளவு ஒன்று, பள்ளம் ஒன்று, பெயரும் ஒன்று. ஆனால் எச்110 போர்டில் ஐ5-8400 போட்டால் உட்காரும், ஓடாது. எட்டாம் தலைமுறைக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசைப் போர்டு வேண்டும். "சாக்கெட் மேட்ச் ஆகுதே சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். அது மட்டும் போதாது.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் மூன்று சாக்கெட் பெயர்கள் அடிபடும். ஏஎம்3+ என்பது எஃப்எக்ஸ் வரிசைக்கு. எஃப்எம்2+ போர்டு கையில் இருந்தால் அப்படியே ஓட்டுங்கள், அதற்காகப் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஏஎம்4 என்பது 2017-ல் வந்த ரைசனுக்கு. அதைப் பற்றிப் பிறகு.

மூன்றாம் படி: மெதுவாக இருப்பது ப்ராசஸர்தானா?

மச்சினன் கடைக்கு நேரில் போனேன். கோரல்டிரா திறக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன். ஃபைல் திறக்கும்போது ப்ராசஸர் 30 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஹார்டுடிஸ்க் 100-ல் முட்டிக்கொண்டு நின்றது. ரேம் 4 ஜிபி, அதுவும் நிரம்பிக் கிடந்தது. ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்தபோதுதான் ப்ராசஸர் 100-க்குப் போனது.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிஷம் போதும். செய்யாமல் ப்ராசஸர் வாங்காதீர்கள். ஹார்டுடிஸ்க்கில் ஓடும் மெஷினில் ஐ3-ஐ எடுத்துவிட்டு ஐ7 போட்டாலும் விண்டோஸ் துவங்கும் நேரம் பெரிதாகக் குறையாது. ஹார்டுடிஸ்க்குக்குப் பதில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டால் அதே ஐ3 வேறு மெஷின் மாதிரி இருக்கும். எச்61 போன்ற பழைய போர்டுகளில் இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் துவங்காது, அதனால் 2.5 அங்குல சாட்டா வகையே போதும். ரேம் 8 ஜிபி ஆவது இருக்கட்டும். மிக மலிவாக வரும் 8 ஜிபி டிடிஆர்3 ரேம்களில் சில ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் ரகம். இன்டெல் போர்டில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகும் ப்ராசஸர் 100-ல் நிற்கிறதா? சரி, இப்போது ப்ராசஸர் பேசலாம்.

நாலாம் படி: வேலைக்கேற்ற சிப்பு

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி) தனியாக எவ்வளவு வேகம். இன்னொன்று, மொத்தம் எத்தனை கோர். டேலி, வேர்டு, பேஜ்மேக்கர் போன்றவை பெரும்பாலும் ஒரு கோரைத்தான் பிழிந்தெடுக்கும். அங்கே எட்டுக் கோர் இருந்தாலும் மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கும். வீடியோ எடிட்டிங், பெரிய எக்ஸ்போர்ட், ஒரே நேரத்தில் இருபது க்ரோம் டேப் என்றால் கோர்கள் கூடுதலாக இருப்பது நல்லது.

ஐ3-3220-ஐயும் ஐ5-2400-ஐயும் எடுத்துக்கொள்வோம். ஐ3 ஒரு தலைமுறை புதுசு. ஆனால் இரண்டு கோர், நாலு த்ரெட்; அதாவது ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும். ஐ5 பழசு, ஆனால் நிஜமாகவே நாலு கோர். டைப்பிங் கடைக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபோட்டோஷாப் என்றால் ஐ5. அதே 1155-ல் ஐ5-3470 கிடைத்தால் இரண்டையும் விட்டுவிட்டு அதை எடுங்கள்: நாலு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஐ5-2400-க்கு 95 வாட் என்றால் இதற்கு 77. மலிவு எச்61 போர்டுகளின் மின்சாரப் பகுதி ஒல்லியானது. அதில் 18 வாட் குறைவது சின்ன விஷயமில்லை.

1155-ல் உச்சம் ஐ7-3770. எட்டு த்ரெட். வீடியோ வேலை செய்பவருக்கு மட்டும்தான் அதற்குக் கூடுதல் காசு தரச் சொல்வேன். ஏனென்றால் பழைய ஐ7 எல்லாம் பெயருக்காகவே விலை ஏறி நிற்கும். ஐ7-2600 நாலு கோர், எட்டு த்ரெட். ஐ5-6500 நாலு கோர், நாலு த்ரெட். எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேலையில் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கும். ஒற்றைக் கோர் வேலையில் ஐ5-6500 முந்தும், அதுவும் குறைந்த மின்சாரத்தில். இன்னொரு உதாரணம் ஐ3-8100. பெயர் ஐ3, உள்ளே நாலு முழுக் கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ். முந்தைய தலைமுறை ஐ5-7500-க்குச் சமமாக நிற்கும்.

நாலாம் தலைமுறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஏவிஎக்ஸ்2 என்கிற கட்டளைத் தொகுப்பு இன்டெல்லில் அதில்தான் முதலில் வந்தது. சில புதிய மென்பொருள்களும் கேம்களும் இது இல்லாமல் திறக்கவே மறுக்கின்றன. ஆகவே 1155-ஆ 1150-ஆ என்று போர்டோடு சேர்த்து வாங்குகிறவர் யோசிக்காமல் 1150 பக்கம் போகலாம். ஐ5-4570, ஐ5-4590 இரண்டில் எது கிடைத்தாலும் சரி. வித்தியாசம் 100 மெகாஹெர்ட்ஸ்தான். அதே தலைமுறையின் பென்டியம், செலரானில் மட்டும் ஏவிஎக்ஸ் கிடையாது, ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சாதாரண டெஸ்க்டாப் சிப்புகள் வருகின்றன. குறுக்கு வழியில் பழையதிலும் ஏற்றலாம், பலர் ஏற்றியிருக்கிறார்கள், நானும்தான். ஆனால் கடைக் கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் மெஷினுக்கு அதை நம்பிப் புதிதாகப் பணம் போடச் சொல்ல மாட்டேன். லினக்ஸ் மின்ட் போட்டு பிரௌசிங்கும் டைப்பிங்கும் என்றால் நாலாம் தலைமுறை தாராளம்.

என் கோடு இதுதான்: கையில் போர்டு இருந்தால், அது ஏற்கும் நல்ல ஐ5-ஐப் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுங்கள். போர்டும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஐ5-8400-ல் ஆறு கோர். எல்லாக் கோரும் ஓடும் வேலையில் ஏழாம் தலைமுறை ஐ7-7700-ஐயே முந்துகிற சிப்பு. விலை கேட்டால் பல இடங்களில் ஐ7-க்கு அதிகம் சொல்வார்கள். பெயர் மோகம் உங்களுக்கு லாபம்.

எஃப்எக்ஸ், ரைசன்

எஃப்எக்ஸ்-8350-ஐப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. எட்டுக் கோர், 4 கிகாஹெர்ட்ஸ், மலிவு. 2012-ல் வந்தது. உள்ளே நாலு மாட்யூல், ஒவ்வொன்றிலும் இரண்டு கோர். அந்த இரண்டுக்கும் தசமக் கணக்குப் போடும் பகுதி பொது. இது எட்டுக் கோர்தானா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2019-ல் ஏஎம்டி 1.21 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசமானது. ஒற்றைக் கோர் வேகத்தில் அதே காலத்து ஐ5-3470 தெளிவாக முந்தும். 125 வாட் வேறு. சிப்புக்குள் கிராபிக்ஸும் இல்லை. மெஷின் இன்னொன்றைவிட 40 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள்: தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 8 யூனிட். வீட்டுக்கு அது தெரியாது. கடைக்கு வீட்டைப் போல இலவச யூனிட்டெல்லாம் கிடையாதே.

ரைசன் அப்படியில்லை. ரைசன் 5 1600-ல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். அதைவிட முக்கியம் போர்டு. பி350, பி450 போர்டுகளில் பலவற்றில் பயாஸ் ஏற்றிவிட்டு பின்னாளில் 2022-ல் வந்த ரைசன் 5 5600 வரை போக முடியும். ஒரே போர்டில் இவ்வளவு தூரம் ஏற இன்டெல்லில் வழியே இல்லை. வாங்கும் முன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பெயரில் ஜி இல்லாத ஏஎம்4 ரைசனில் கிராபிக்ஸ் இல்லை. 1600, 2600 எல்லாவற்றுக்கும் தனி கார்டு வேண்டும். விண்டோஸ் 11 பட்டியலில் 2600 உண்டு, 1600 இல்லை. 2200ஜி-யும் 2400ஜி-யும் பெயரில் 2000 என்று இருந்தாலும் உள்ளே முதல் தலைமுறை ரைசனின் ஸென் வடிவமைப்புதான், அதனால் அவையும் இல்லை.

ஐந்தாம் படி: வாங்கும் இடத்தில்

சென்னை ரிச்சி தெருவாகட்டும், உங்கள் ஊர் சர்வீஸ் கடையாகட்டும், கேட்க வேண்டியது ஒன்றே: "போட்டுக் காட்டுங்க." சிப்பின் மேல்தகட்டில் மாடல் எண் பொறித்திருக்கும். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெளியும். இன்டெல்லின் இந்தத் தலைமுறைகளில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். அதற்குப் பதில் "கான்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரிச் சிப்பு. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஐ7 ஸ்டிக்கர் கேபினட்டில் ஒட்டியிருப்பதெல்லாம் சாட்சியில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி அதை யாரும் ஒட்டலாம்.

சிப்பை மட்டும் வாங்காமல் முழு ஆபீஸ் மெஷினே வாங்குகிறவர்கள் உண்டு. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி ப்ரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை. கட்டுமானம் நன்றாக இருக்கும். ஆனால் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இணைப்பு அந்தக் கம்பெனிக்கே உரியது. போனால் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒல்லிப் பெட்டியில் முழு உயர கிராபிக்ஸ் கார்டும் நுழையாது.

ஆறாம் படி: மாட்டுவது

மெஷினை ஒரு கால் மணி நேரம் ஓட்டி, பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். சூடாக இருந்தால், ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிக் காய்ந்துபோன பேஸ்ட் இளகியிருக்கும். இன்டெல் ஃபேனின் நாலு காலையும் மேலே உள்ள அம்புக்குறித் திசையில் திருகி மேலே இழுத்தால் விடுபடும். மச்சினன் கடை ஃபேனைத் தூக்கியபோது அடியில் பேஸ்ட் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. ஃபேனுக்கு அடியில் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பேப்பர் தூள். அதைத் தட்டியதிலேயே பாதிச் சூடு குறைந்திருக்கும்.

ஏஎம்4-ல் முனைகள் சிப்பில் இருக்கும். ஃபேனை நேராக இழுத்தால் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிவிட்டுத் தூக்குங்கள். இன்டெல்லில் முனைகள் போர்டில், தலைமுடி மாதிரி. வருஷங்களுக்கு முன்னால் ஒரு 1155 போர்டில் துணியால் தூசி துடைக்கப்போய் மூன்று முனையை வளைத்தேன். ஊசியும் பூதக்கண்ணாடியும் வைத்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இரண்டை நிமிர்த்தினேன். மூன்றாவது ஒடிந்தது, போர்டும் போனது. சாக்கெட்டுக்குள் துணி, விரல், பிரஷ் எதுவும் போகக் கூடாது.

சிப்பின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே மூலையில் குறி இருக்கும். பொருத்தி, அழுத்தாமல் கீழே வையுங்கள். நெம்பியை மடக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும், கையில் எதிர்ப்பும் தெரியும். முதல்முறை பயமாகத்தான் இருக்கும், அது இயல்பு. நடுவில் பச்சைப் பட்டாணி அளவுக்குப் பேஸ்ட் போதும். ஐ3-க்கு வந்த மெல்லிய அலுமினிய ஃபேனை 84 வாட் ஐ5-க்குப் போட்டு ஒப்பேற்றாதீர்கள்; நடுவில் செம்பு வைத்த ஹீட்சிங்க் வாங்குங்கள். நாலு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். போர்டின் பின்பக்கம் நாலும் எட்டிப் பார்க்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரு கால் ஏறாமல் இருந்தால் பத்து நிமிஷத்தில் மெஷின் தானாக அணையும்.

முதல் தடவை ஆன் செய்ததும் ப்ராசஸர் மாறியிருக்கிறது என்று பயாஸ் சொல்லலாம்; சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு வெப்பம் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறந்துவைத்து, முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத கடையில் இன்னும் கொஞ்சம் ஏறும். 90-ஐத் தொட்டால் ஃபேனை மறுபடி கழற்றிப் பேஸ்ட்டைப் பாருங்கள்.

மச்சினன் கடையில் கடைசியில் போட்டது ஐ5-4590, 8 ஜிபி ரேம், ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி. பழைய ஐ3-4130-ஐ விற்கப் போனான், வேண்டாம் என்றேன். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவன் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். என்றைக்காவது மெஷின் திடீரென்று படுத்துவிட்டால், கெட்டது ப்ராசஸரா போர்டா என்று பார்க்க அது ஒன்று கையில் இருக்க வேண்டும்.